பறையை எறிந்தவரின் பேரனுக்கு என்ன புத்தகம் கொடுப்பது?

அக்கா மகனுக்குப் பதினைந்து வயசாகிறது. பத்தாம் வகுப்பு. போன வருஷம் ஒரு கலைக்குழுவில் சேர்ந்து பறை கற்றுக்கொண்டான். கூடவே செல்போனில் ராப் பாட்டு எழுதிப் பாடிப் பதிவு செய்துகொண்டிருக்கிறான். முதல் முறையாகப் பறையை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றைக்கு எங்கப்பா, அவனுடைய தாத்தா, திண்ணையிலிருந்து எழுந்து வெளியே போனவர் ராத்திரி சாப்பிட வரவில்லை. மறுநாள்தான் வாயைத் திறந்தார். "நான் எறிஞ்சதத்தான்டா நீ பொறுக்கிக்கிட்டு வந்திருக்க."

அப்பா பறையை எறிந்தது 1989இல். விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர். ஊர்த்தெருவில் ஒரு சாவு. எப்போதும்போல ஆள் விட்டிருக்கிறார்கள். அப்பாவும் இன்னும் நாலு பேரும் போகவில்லை. 'இனிமே சாவுக்கு மோளம் அடிக்க வர மாட்டோம், வேற ஆளப் பாத்துக்குங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் போகத்தில் அறுப்புக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரையும் கூப்பிடவில்லை. கடையில் சாமான் கிடையாது. மோட்டார்கொட்டகையில் தண்ணி பிடிக்கப் போன அம்மாவை வெறுங்குடத்தோடு திருப்பி அனுப்பினார்கள். நான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போனது, இன்றைக்கு உட்கார்ந்து கட்டுரை எழுதுவது எல்லாமே அந்த மறுப்பிலிருந்து தொடங்கியதுதான். அதனால், பறை நம் விடுதலையின் இசை என்று மேடையில் தோழர்கள் முழங்கும்போது எனக்கு முழுசாகக் கைதட்டவும் வராது, எழுந்து மறுக்கவும் வராது.

இந்தப் பையன்தான் கேட்டான்: "மாமா, என்ன மாதிரி வயசுல பாட்டு, மேளம்னு திரியற பசங்களப் பத்திக் கதப் புத்தகம் ஏதாவது இருக்கா? அறிவுரை சொல்ற புத்தகம் வேணாம்."

இருக்கிறது. ஆங்கிலத்தில் நிறையவே இருக்கிறது. இளைஞர்களுக்கான நாவல் என்ற வகைமைக்குள் இசை கற்கும், இசைக்குழு அமைக்கும் பதின்வயதினரைப் பற்றி எழுதுவது அங்கே ஒரு தனி வரிசையாகவே வளர்ந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படைக் கதையாடல் ஒன்றுதான். குழந்தைக்குள் ஒரு இசை இருக்கிறது. வீடோ பள்ளியோ உலகமோ அதைத் தடுக்கிறது. தடையை உடைத்துக் குழந்தை மேடை ஏறுகிறது. சிலவற்றில் தடை என்று சொல்லக்கூட எதுவும் இருக்காது. ரேச்சல் கோனும் டேவிட் லெவிதனும் சேர்ந்து எழுதிய 'நிக் அண்ட் நோராஸ் இன்ஃபினிட் ப்ளேலிஸ்ட்' (2006) அந்த ரகம். நியூயார்க்கில் ஒரே ராத்திரி. பேஸ் கிதார் வாசிக்கும் பையன். இசைத்தட்டு நிறுவனத்துப் பெரிய மனிதரின் மகள். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வரும் பிள்ளைகளுக்கு மறுநாள் காலைச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்ற கவலை ஒரு பக்கத்தில்கூட இல்லை. அதை இவனுக்குக் கொடுக்கவில்லை.

'தடுக்கப்பட்ட இசை' என்ற இந்தக் கதையாடலுக்குக் கறுப்பின வரலாற்றில் உண்மையான வேர் உண்டு. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசடித்துக்கொண்டே நடந்து ஆட்களைத் திரட்டினார்கள். அடுத்த ஆண்டு, 1740இல், வெள்ளை எஜமானர்கள் கொண்டுவந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடை செய்தது. அங்கே தோற்கருவி ஆயுதத்துக்குச் சமமாகப் பார்க்கப்பட்டது. அப்படித் தடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை ஒரு மேளத்தைக் கையில் எடுப்பதே கலகம்தான். அதில் சந்தேகமில்லை.

நம் கதை தலைகீழ். அங்கே மேளத்தைப் பிடுங்கினார்கள். இங்கே மேளத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். 'அடிக்காதே' என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 'அடி, அடிக்கலன்னா அடி விழும்' என்பது நமக்குச் சொல்லப்பட்டது. சாவுக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, ஊர்ச் சாட்டுக்கு. தண்டோரா போடும் வழக்கத்தைத் தமிழக அரசு தடை செய்ததே 2022இல்தான். அதனால், 'உனக்குள் இருக்கும் இசையை வெளியே கொண்டு வா' என்று சொல்லும் ஒரு நாவல் எங்கப்பா மாதிரி ஒருவரைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை. அவருடைய கலகம் வாசித்ததில் இல்லை. வாசிக்க மறுத்ததில் இருக்கிறது. பேரனுடைய கலகம் வாசிப்பதில் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் மோதிக்கொண்டு நிற்கின்றன. இந்த மோதலைப் புரிந்துகொள்ள உதவுகிற புத்தகம் எது என்பதுதான் என் தேடலாக இருந்தது. நல்ல நாவல், கெட்ட நாவல் என்று தரம் பிரிப்பதெல்லாம் அப்புறம்.

ஆஞ்சி தாமஸ் எழுதிய 'ஆன் த கம் அப்' (2019) அந்த இடத்துக்கு மிக அருகில் வருகிறது. ஆஞ்சி தாமஸ் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரத்துக்காரர். பதின்வயதில் தாமே ராப் பாடியவர். 2017இல் வந்த 'த ஹேட் யூ கிவ்' அவருடைய முதல் நாவல். கார்டன் ஹைட்ஸ் என்ற அதே கற்பனைக் கறுப்பர் குடியிருப்பில்தான் இந்தக் கதையும் நடக்கிறது. பதினாறு வயது பிரையானா, கூப்பிடும் பெயர் பிரி. அவளுடைய அப்பா அந்தக் குடியிருப்பே கொண்டாடிய ராப் பாடகர். பெரிய பெயர் கிடைக்கப்போகிற நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அம்மா போதையிலிருந்து மீண்டு, ஒரு வேலையில் நின்று, அந்த வேலையையும் இழக்கிறாள். படித்த அண்ணன் பிட்சாக் கடையில் வேலை பார்க்கிறான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு நின்றுபோகிறது. பிரியின் செருப்பு பிய்கிறது.

செருப்பு பிய்வதை ஒரு நாவலாசிரியர் இவ்வளவு கவனமாக எழுதிப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகிவிட்டது. அதை அவள் மறைக்கப் படுகிற பாடு இருக்கிறதே, காலனியிலிருந்து டவுன் ஸ்கூலுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

பிரி படிப்பது கலைகளுக்கான ஒரு பள்ளிக்கூடம். கறுப்பினப் பிள்ளைகள் பஸ் ஏறித் தொலைவிலிருந்து அங்கே வருகிறார்கள். வாசலில் காவலர்கள் இவர்களுடைய பைகளைத்தான் தேடுகிறார்கள். பிரியின் பையில் இருந்தது மிட்டாய். விற்றுக் காசு சேர்க்கக் கொண்டுவந்தது. அதற்காக அவளைத் தரையில் தள்ளி அழுத்துகிறார்கள். அந்தக் கோபத்தில் அவள் ஒரு பாட்டு எழுதுகிறாள். பாட்டு பரவுகிறது. ஆனால் கேட்டவர்கள் அதில் கேட்டது வேறு. 'நீங்கள் என்னை இப்படித்தான் பார்க்கிறீர்கள்' என்று அவள் நையாண்டியாகச் சொன்னதை, 'நான் இப்படிப்பட்டவள்' என்று அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி, வன்முறை, ரவுடிப் பெண் என்று பட்டம் கட்டுகிறார்கள். பாட்டையே நீக்கச் சொல்லிக் கோரிக்கை வேறு எழுகிறது.

இதுவரைக்கும் இது தடுக்கப்பட்ட இசையின் கதைதான். இதற்குப் பிறகுதான் நாவல் திரும்புகிறது. அப்பாவின் பழைய மேலாளர் சுப்ரீம் என்பவன் வருகிறான். அவன் அவளைத் தடுக்கவில்லை. அவனுக்கு அந்த ரவுடிப் பெண்தான் வேண்டும். வசதியான வெள்ளைப் பிள்ளைகள் காசு கொடுத்துக் கேட்பது அந்தச் சேரிப் பயங்கரத்தைத்தான், அந்த வேஷத்தைப் போடு, காசு வரும், வீட்டில் விளக்கெரியும் என்கிறான். கடைசியில் வேறொருத்தர் எழுதிய வரிகளை அவள் கையில் கொடுத்துப் பாடச் சொல்கிறார்கள். ஆக, உலகம் அவளிடம் 'பாடாதே' என்று சொல்லவில்லை. 'நாங்கள் சொல்கிறபடி பாடு' என்கிறது. 'சாவுக்கு வந்து அடி' என்று ஆள் விட்டதற்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் நான் நினைத்திருந்ததைவிடக் குறைவு.

கடைசி மேடையில் அவள் என்ன செய்கிறாள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பையன்கள் படிக்கட்டும். ஆனால் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பாத்திரத்தைச் சொல்ல வேண்டும். சுப்ரீமின் மகன் மைல்ஸ். பிரியோடு முதல் போட்டியில் எதிரே நின்று பாடியவன். அவனுக்குப் பாடவே விருப்பமில்லை. அவனுக்குப் பிடித்தது புகைப்படம் எடுப்பது. அப்பனுக்காகப் பாடிக்கொண்டிருக்கிறான். இசையைப் பற்றிய ஒரு இளைஞர் நாவலில், இசையிலிருந்து வெளியேற விரும்பும் ஒரு பிள்ளைக்கும் நியாயம் உண்டு என்று இடம் விட்டிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. மைல்ஸை இன்னும் விரித்து எழுதியிருக்கலாம். ஆஞ்சி தாமஸ் அவசரமாகக் கடந்துவிடுகிறார். அது ஒரு குறைதான். அதேபோல நாவலின் கடைசிப் பகுதியில் அம்மாவின் வேலைச் சிக்கல் தீர்கிற விதம் கொஞ்சம் சௌகரியமாக இருக்கிறது. நம் வீடுகளில் அப்படி ஒரு கடிதமும் தேடிக்கொண்டு வருவதில்லை.

இதை வெறும் அமெரிக்க விவகாரம் என்று ஒதுக்க முடியாது. 2018இல் பா. ரஞ்சித்தின் முயற்சியில் 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் கேட்டன. அதிலிருந்து வந்த அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் உலகமெல்லாம் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைக் கொண்டாடி வெளியிட்ட அட்டையில் அறிவின் முகம் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அது பேச்சானது. பாட்டு யாருடையது, முகம் யாருடையது, காசு யாருக்கு என்ற பிரியின் கேள்விகளை இந்தப் பையன் ஏற்கெனவே செல்போனில் பார்த்து வளர்ந்திருக்கிறான். அதனால் நாவலின் அந்தப் பகுதியை நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் கிறிஸ்டோபர் பால் கர்ட்டிஸ் எழுதிய 'பட், நாட் பட்டி' (1999). இதில் வரும் பையனுக்குப் பத்து வயசுதான், பதின்வயது ஆகவில்லை. ஆனாலும் இதை விட மனசில்லை. கர்ட்டிஸ் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் ஊர்க்காரர். கார் தொழிற்சாலையில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தவர். கதை 1936இல், பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில் நடக்கிறது. அனாதைப் பையன் பட், செத்துப்போன அம்மா விட்டுச்சென்ற இசைக்குழு விளம்பரத் தாள்களை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஹெர்மன் காலவேதான் தன் அப்பா என்று நம்பி ஊர் ஊராகக் கிளம்புகிறான். அந்தக் குழுவில் ஒரே ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். ஏன் என்றால், அந்தப் பகுதியில் கறுப்பினத்தவர் பெயரில் சொத்து வைத்திருக்க முடியாது. காலவே நடத்தும் விடுதியின் பத்திரம் அந்த வெள்ளைக்காரர் பெயரில் இருக்கிறது. குழுவில் அவருக்குப் பட்டப்பெயரே அந்தப் பத்திரத்தை வைத்துத்தான். இதைக் கர்ட்டிஸ் ஒரு தமாஷாகச் சொல்லிவிட்டுப் போகிறார். பஞ்சமி நிலத்துப் பத்திரம் யார் யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

இந்த நாவலில் எனக்குப் பிடித்த இன்னொன்று: கடைசியில் அந்தப் பையனுக்குச் சாக்ஸபோன் கையில் கிடைக்கிறது, ஆனால் வாசிக்கத் தெரியாது. கீச்சென்று சத்தம்தான் வருகிறது. மேதை, பிறவி ஞானம் என்ற பேச்சே இல்லை. குழுவில் உள்ள பெரியவர்கள் தங்கள் காசில் வாங்கிக் கொடுத்த பழைய கருவி, அதை வைத்துக்கொண்டு தினமும் பழக வேண்டும், அவ்வளவுதான். நம் இலக்கியத்தில் இசை என்றாலே பிறவி ஞானம், குருவின் கடாட்சம், நாத யோகம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 1950களில் வந்தது. கும்பகோணத்தில் பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கிறான். அழகான நாவல், மறுப்பதற்கில்லை, நானும் இரண்டு தடவை படித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சங்கீதத்துக்குப் பக்கவாத்தியமாக நிற்கும் மிருதங்கத்தின் தோல் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பது அந்தப் பிரதிக்கு ஒரு கேள்வியே அல்ல. அந்தக் கேள்வியை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் கேட்டார், 2020இல். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களையும் மாட்டுத்தோலையும் பற்றி எழுதியதற்காக, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. 2019இல் வந்த 'சர்வம் தாளமயம்' படத்தில் மிருதங்கம் செய்பவரின் மகன் மிருதங்கம் கற்க ஆசைப்படுகிறான். நல்ல தொடக்கம். ஆனால் அவன் விடுதலை கடைசியில் அவர்கள் மேடையில் ஏறுவதில் போய் முடிகிறது. அப்பனுடைய தொழிற்கூடத்துக்கு அந்த வெற்றியால் என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் இல்லை.

கருவி யாருடையது என்ற கேள்வியை முழு நாவலாகவே ஆக்கியிருக்கிறார் பிரெண்டன் ஸ்லோகம்ப், 'த வயலின் கான்ஸ்பிரசி' (2022) நூலில். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. கல்லூரி மாணவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ரே என்ற கறுப்பின இளைஞன். பள்ளிப் பருவத்திலிருந்து கதை தொடங்குகிறது. அடிமையாக இருந்த மூதாதையின் பழைய பிடிலைப் பாட்டி அவன் கையில் கொடுக்கிறாள். அது விலைமதிப்பற்ற ஸ்ட்ராடிவாரியஸ் வயலின் என்று பிற்பாடு தெரியவருகிறது. தெரிந்த உடனே, அந்த மூதாதையை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் வாரிசுகள் 'அது எங்கள் வீட்டுச் சொத்து' என்று வந்து நிற்கிறார்கள். அழுக்குப் பிடித்துக் கிடந்தவரை யாருக்கும் வேண்டாம். விலை தெரிந்ததும் சொந்தம் கொண்டாட ஆள் வருகிறது. துப்பறியும் கதை மாதிரி ஓடுகிறது. நடை சில இடங்களில் சாதாரணம். ஆனால் ஒரு திருமண வீட்டுக்கு வாசிக்கப் போன இடத்தில் அவனை வாசிப்பவனாகவே ஏற்க மறுக்கும் அந்தப் பக்கங்கள் சாதாரணம் அல்ல. ஸ்லோகம்ப் தாமே வயலின் கலைஞர், இசை ஆசிரியர். பட்டு எழுதியது என்று படிக்கும்போதே தெரிகிறது.

பறைக்கும் இன்றைக்கு விலை தெரிந்திருக்கிறது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. மகிழ்ச்சிதான். கல்லூரி விழாக்களில், கல்யாண மண்டபங்களில் பறை கேட்கிறது. தப்பு என்று இழித்தவர்கள் தமிழர் இசை என்கிறார்கள். 'தமிழர்' என்று சொல்லும்போது காய்ச்சி அடித்த கையின் பெயர் நைசாக விடுபட்டுப்போகிறது. ரேயின் வயலினைக் கேட்டு வந்த வாரிசுகள் எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திணிக்கப்பட்ட மேளம் என்று நான் எழுதியது ஆண்களின் அனுபவத்தை வைத்து. பெண்கள் கையில் பறையைக் கொடுத்ததே இல்லை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில், படிப்பை நிறுத்திய தலித் பெண் பிள்ளைகள் பறை கற்று ஆடுகிறார்கள். அவர்களுக்கு அது தாத்தன் எறிந்ததைப் பொறுக்குவது ஆகாது. எவனும் தராததை எடுப்பது. அக்கா மகளுக்கு வேறு நாவல் வேண்டும். அவளைப் பற்றி எழுதப்பட வேண்டிய நாவல், எறிந்தவரையும் எடுத்தவளையும் ஒரே கூரையின் கீழ் வைத்து எழுத வேண்டிய நாவல், நம்மவர் யாராவது எழுத உட்கார வேண்டியதுதான். விருதுக்கு வேண்டாம், பதினைந்து வயசுப் பிள்ளை படிக்கிற மாதிரி, இருநூறு பக்கத்துக்குள்.

பிரியின் கதையை நான் ஆங்கிலத்தில் படித்துத் தினமும் ராத்திரி ஒரு அத்தியாயமாக அவனுக்குத் தமிழில் சொன்னேன். அதில் தெருமொழி அதிகம், கெட்ட வார்த்தையும் உண்டு. ஆசிரியத் தோழர்கள் முதலில் தாங்கள் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. ராப் வரிகள் வரும் இடத்தில் நான் தடுமாறி நின்றேன். அர்த்தம் சொன்னேன், தாளம் வரவில்லை. பையன் பறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குச்சி இல்லாமல் விரலால் தட்டியபடி அந்த இடங்களைத் தன் வார்த்தையில் போட்டு நிரப்பினான். சில வரிகள் பிரி எழுதியதைவிட எங்கள் தெருவுக்குப் பொருத்தமாக இருந்தன. இந்த நாவலை யாராவது முறையாகத் தமிழில் கொண்டுவந்தால் ராப் பகுதிகளை இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் கொடுத்து எழுத வைக்க வேண்டும்.

திண்ணையில் அப்பா படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஐந்தாறு நாள் கழித்து, ஸ்டூடியோவில் யாரோ எழுதிய வரியை பிரியிடம் நீட்டுகிற இடம் வந்தபோது, எழுந்து உட்கார்ந்து கேட்டார்:

"அந்தப் புள்ளைக்கு இதுக்குக் கூலி எவ்ளோ பேசுனாங்க?"

பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் பக்கத்தைத் திருப்பித் தேடிக்கொண்டிருந்தேன்.